கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை!

உங்களிடம் பத்து வருஷத்துப் பழைய கார் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்கப் போகிறீர்கள். பெயின்ட் பளபளக்கிறது. ஏ.சி. ஜில்லென்று இருக்கிறது. ஒரே ஒரு சங்கடம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால், தரையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அப்படியானால் தண்ணீர் எங்கேதான் போகிறது?

மெக்கானிக் பார்க்கிறார். ஆயில் மூடியைத் திறந்தால், உள்ளே மோர் மாதிரி வெளுத்த பிசுக்கு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை அடங்கவில்லை. எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால், தண்ணீரில் குமிழி குமிழியாகக் கிளம்புகிறது. கடைசியாக ஒரு நீலத் திரவத்தை வைத்துச் சோதிக்கிறார். ரேடியேட்டருக்குள் எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாகிவிடும். ஆகிவிட்டது.

"ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார். ஹெட்டைக் கழட்டணும்."

எஞ்சினின் அடிப்பாகமான பிளாக்குக்கும், மேலே உட்கார்ந்திருக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. அதுதான் கேஸ்கெட். ஒரு பக்கம் நெருப்பு, இன்னொரு பக்கம் தண்ணீர், மற்றொரு பக்கம் எண்ணெய். மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பஞ்சாயத்து பண்ணுவது இந்தத் தகடுதான். தகட்டின் விலை பெரிதில்லை, கூலிதான் பெரிது. ஹெட்டைக் கழற்றி, ஸ்கேல் வைத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்து, வளைந்திருந்தால் லேத்தில் மட்டம் பிடித்து, புதுத் தகடு வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். இத்தனைக்கும் பல சமயங்களில் குற்றவாளி கேஸ்கெட் இல்லை. அடைத்துக்கொண்ட ரேடியேட்டரோ, ஓடாத ஃபேனோ எஞ்சினைக் கொதிக்க வைத்திருக்கும். அதைச் சரிசெய்யாவிட்டால் புதுத் தகடும் போய்விடும்.

செலவைக் கேட்டதும் உங்கள் முகம் மாறுகிறது. மெக்கானிக் குரலைத் தாழ்த்துகிறார். "விக்கிற வண்டிதானே சார்... ஒரு டப்பா வாங்கி ரேடியேட்டர்ல ஊத்திடலாம். கொஞ்ச நாள் தாங்கும்."

இந்த மாதிரி டப்பாக்கள் பலவற்றில் இருப்பது சோடியம் சிலிகேட். சூடு பட்டதும் இறுகி, விரிசலை அடைத்துக்கொள்ளும். 2009-ல் அமெரிக்க அரசாங்கம், பெட்ரோல் குடிக்கும் பழைய கார்களைப் பணம் கொடுத்து ஒழித்துக்கட்டியதே, அப்போது அந்த எஞ்சின்களைத் திரும்ப ஓடவிடாமல் சாகடிக்கப் பயன்படுத்தியதும் இதே சோடியம் சிலிகேட்தான்! ஆயிலை வடித்துவிட்டு அதை ஊற்றி ஓட்டினார்கள்.

டப்பா ஊற்றுவது ஏமாற்று வேலை. அதில் சந்தேகமில்லை. கஷ்டமான கேள்வி வேறு. டப்பாவும் ஊற்றவில்லை, பொய்யும் சொல்லவில்லை. வாங்க வந்தவர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. இது தப்பா?

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தகராறு இது. கி.மு. 44-ல் ரோமாபுரி சிசரோ, ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காகக் கடமைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு வீடு வருகிறது. உள்ளே விஷ ஜந்துக்கள் இருப்பதும், மரம் உளுத்துப்போனதும் சொந்தக்காரருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாமல் விற்கலாமா? டயோஜனீஸ் என்ற தத்துவ ஞானி, 'சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. வாங்கு என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லையே' என்ற கட்சி. அவருடைய சீடரான ஆன்டிபேட்டரோ, 'வாங்குபவன் குழியில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது தப்பு' என்ற கட்சி. சிசரோ, சீடர் பக்கம்தான் தீர்ப்பு சொன்னார்.

டயோஜனீஸ் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கதவில் இருக்கும் கீறலை நீங்கள் தண்டோரா போட வேண்டாம். அவருக்கும் கண் இருக்கிறது. ஆனால், கேஸ்கெட் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தாலும் சிக்காமல் போகலாம். அந்த இடத்தில் உங்கள் மௌனம் வெறும் மௌனம் இல்லை. அவருடைய அறியாமைக்கு நீங்கள் போட்டுக்கொள்ளும் விலை.

இதைவிட நாசூக்கான பொய்யும் உண்டு. கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு, அடைத்த ரேடியேட்டரை அப்படியே விட்டுவிட்டு, "கேஸ்கெட் புதுசு சார்" என்பது. ஒவ்வொரு எழுத்தும் நிஜம். மொத்தமும் பொய்.

1970-ல் ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? எல்லா காரையும் சந்தேகப்பட்டு எல்லோரும் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். நல்ல கார் வைத்திருப்பவர் சந்தைக்கே வரமாட்டார். ஓட்டை வண்டிகள்தான் மிஞ்சும். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, நாம் சொல்லாமல் விட்டதற்கு, முன்பின் தெரியாத யோக்கியர் ஒருவரும் தண்டம் கட்டுகிறார்.

"எனக்கே பணமுடை. ரிப்பேர் செய்ய வழியில்லையே?" என்று கேட்கலாம். ரிப்பேர் செய்யச் சொல்லவில்லை. சொல்லத்தான் சொல்கிறேன். "கேஸ்கெட் வேலை இருக்கு, அதுக்குத் தகுந்த மாதிரி விலையைக் குறைச்சுக்குங்க" என்றால் விஷயம் முடிந்தது. பத்துப் பேரில் எட்டுப் பேர் நடையைக் கட்டலாம். மீதி இரண்டு பேர் தெரிந்தே வாங்குவார்கள்.

நீங்கள் பேசாமல் விட்டதால் ரிப்பேர் செலவு மாயமாகிவிடுவதில்லை. விலாசம்தான் மாறுகிறது. உங்கள் வாசலில் வந்து நிற்கவேண்டிய அந்தச் செலவு, குழந்தை குட்டிகளோடு மலைப்பாதை ஏறும் யாரோ ஒருவரை, ராத்திரி பதினோரு மணிக்கு, கொண்டை ஊசி வளைவில் நிறுத்துகிறது.

வாங்க வருகிறவர் உங்கள் தங்கை வீட்டுக்காரராக இருந்தால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, "மாப்ள, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்திருப்பீர்கள்தானே?

அதையே, 'மாப்ள'யை மட்டும் எடுத்துவிட்டு, அடுத்தவரிடமும் ஆரம்பியுங்கள்.