தண்ணீருக்கும் விலையா?

பேரூராட்சி மன்றங்களில் சாலை பற்றியும் சாக்கடை பற்றியும் தீர்மானங்கள் வரும்போது எழாத சூடு, வீட்டுவரி பற்றியோ குடிநீர்க் கட்டணம் பற்றியோ ஒரு பொருள் வந்தவுடன் எழுந்துவிடுகிறது. "தண்ணீருக்கும் விலையா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டுவிட்டால் போதும், அவையில் அதற்குமேல் பேச்சு நடப்பதில்லை. கேட்டவர் ஏழைகளின் காவலர் ஆகிவிடுகிறார். கட்டண உயர்வுக் குறிப்பைப் படித்த செயல் அலுவலர் கல்நெஞ்சர் ஆகிவிடுகிறார். பொருள் ஒத்திவைக்கப்படுகிறது. ஆனால், அந்த வினா கைதட்டலுக்காக மட்டும் எழுப்பப்பட வேண்டிய வினா அன்று. அறத்தின் அடிவேரைத் தொடும் வினா அது. அதற்கு நேர்மையாக விடை தேடினால், கேட்டவரே எதிர்பாராத இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இறைவன் இறக்கிய மழைக்கு எவரும் உரிமையாளர் ஆகிவிட முடியாது. இதனை அறிந்தவர்கள் தண்ணீருக்கு விலை வைப்பதைக் கேட்டுத் திடுக்கிடுவதில் வியப்பில்லை. ஆயினும், அதே போதனையை ஓதி உணர்ந்த சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் ஒரு நுட்பமான எல்லைக்கோட்டைக் கிழித்தார்கள். ஆற்றிலும் ஊற்றிலும் இருக்கும் நீர் பொது. ஒருவன் உழைத்து மொண்டு, தோல்பையிலோ குடத்திலோ நிரப்பிச் சுமந்து வந்த நீர் அவனுடையது; அதனை அவன் விற்கலாம். விலை நீருக்கு அன்று, சுமந்த தோளுக்கு.

மதீனாவின் ரூமா கிணற்று வரலாற்றை நம்மவர்கள் மேடைதோறும் சொல்வதுண்டு. அதன் உரிமையாளர் நீரை அளந்து விற்றார். உதுமான் (ரலி) அவர்கள் அக்கிணற்றை விலைகொடுத்து வாங்கி மக்களுக்கு வக்ஃபாக்கினார்கள். முதலில் பாதிக் கிணற்றை மட்டும் வாங்கியதாகவும், ஒருநாள் அவர்கள் முறை, மறுநாள் பழைய உரிமையாளர் முறை என்று இருந்ததாகவும், உதுமான் அவர்களின் நாளிலேயே மக்கள் இரண்டு நாளைக்கு வேண்டிய நீரை மொண்டுகொண்டதால் மற்றவருக்கு விற்பனையே இல்லாமற் போயிற்று என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. சொல்கிறவர்கள் இங்கே புன்னகைப்பார்கள், கேட்கிறவர்களும் புன்னகைப்பார்கள். புன்னகையில் ஒரு செய்தி மறைந்துவிடுகிறது. அந்த நீர் இலவசமாக வரவில்லை. மொண்டவர்கள் கொடுக்காத விலையை வேறொருவர் கொடுத்திருந்தார். மக்காவுக்கு வாய்க்கால் வெட்டிய அரசி சுபைதாவின் நீரும் அப்படிப்பட்டதே. இலவசத் தண்ணீர் என்று உலகில் எங்கு இருந்தாலும், அதற்குப் பின்னால் பணம் கொடுத்த ஒரு கை உண்டு. இன்று நம் ஊர்களில் உதுமானும் இல்லை, சுபைதாவும் இல்லை. அந்தக் கை யாருடையது என்பதுதான் மன்றத்தின் முன் உள்ள கேள்வி.

ஆற்றுப் படுகையில் கிணறு இறக்க வேண்டும். அங்கிருந்து பல கல் தொலைவு குழாய் பதிக்க வேண்டும். நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட வேண்டும். அதற்கு மின்வாரியத்துக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். மேல்நிலைத் தொட்டியைக் கழுவிக் குளோரின் கலக்க வேண்டும். விடியற்காலையில் தெருத்தெருவாகச் சென்று வால்வு திறப்பவருக்குச் சம்பளம் தர வேண்டும். இவையெல்லாம் சுமக்கும் தோள்கள். இவற்றின் கூலியை எவரும் தர வேண்டாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் எந்த மன்றத்துக்கும் இல்லை. யார் தருவது என்று தீர்மானிக்கும் அதிகாரமே உண்டு.

இந்த இடத்தில் 'எல்லாருக்கும் ஒரே கட்டணம்' என்னும் வாதம் நீதியின் உடையணிந்து வருகிறது. நம் சிற்றூர்கள் பலவற்றில் வீட்டுக் குழாய்களுக்கு அளவுமானி கிடையாது. இணைப்புக்கு மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை. இரண்டு அறை வீட்டில், குழாயடியில் ஒரு பானையை வைத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பமும் அதே தொகை. தரைக்கடியில் பெருந்தொட்டி கட்டி, குடிநீர்க் குழாயில் நேரே மின்மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சிக்கொள்ளும் மாளிகையும் அதே தொகை. மோட்டார் வைத்து உறிஞ்சுவது விதிகளுக்குப் புறம்பானது என்பது ஊரறிந்த செய்தி. ஊரறியச் செய்யப்படுவதும் அதுவே. தெருவின் கடைக்கோடியில் இருப்பவனின் குழாய் காற்றை மட்டும் கக்கும். அவனும் அதே தொகையைக் கட்டியிருப்பான். இதனைச் சமத்துவம் என்று அழைப்பவர்கள் தராசைக் கண்ணால் பார்த்ததில்லை என்றே சொல்ல வேண்டும்.

வீட்டில் குழாயே இல்லாதவர் நிலை இன்னும் ஒரு படி கீழே. நடுவணரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு 1999இல் வெளியிட்ட குடிநீர் வழங்கல் கையேட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய நீர் கணக்கிடப்பட்டது. பாதாளச் சாக்கடை உள்ள நகரில் 135 லிட்டர். அது இல்லாத ஊரில் 70 லிட்டர். தெருக்குழாயில் பிடிப்பவருக்கு 40 லிட்டர். பொறியாளர்கள் கெட்ட எண்ணத்தில் இதனை எழுதவில்லை. தெருக்குழாயிலிருந்து ஒரு பெண் தூக்கிச் செல்லக்கூடியது அவ்வளவுதான் என்பதை ஒப்புக்கொண்டு எழுதினார்கள். ஆனால், அந்த 40 லிட்டருக்கும் அவள் பணம் தருவதில்லை என்று மன்றத்தில் சொல்வது பிழை. விடிவதற்கு முன் எழுந்த தூக்கத்தையும், கூலி வேலைக்குப் பிந்திப் போன நேரத்தையும், இடுப்பு வலியையும் அவள் தந்திருக்கிறாள். தொட்டி வறண்ட கோடையில் தள்ளுவண்டிக்காரனிடம் குடத்துக்கு இவ்வளவு என்று ரொக்கமாகவும் தருகிறாள். குழாய் இணைப்புக்குக் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை அவளிடம் ஒருசேர இருந்ததில்லை என்பதே அவள் செய்த ஒரே குற்றம்.

ஆகவே, கட்டணத்தை உயர்த்தாத மன்றம் ஏழைக்கு இரங்கிய மன்றம் என்பதை நான் ஏற்கவில்லை. பழைய கட்டணத்தில் பயன்பெறுபவர் குழாய் உள்ளவர். அவரினும் மோட்டார் உள்ளவர். புதிய தெருவுக்குக் குழாய் நீட்டப் பணமில்லை என்று கைவிரிக்கும்போது பாதிக்கப்படுபவர் குழாய் இல்லாதவர். இல்லாதவரின் பெயரைச் சொல்லி இருப்பவருக்கு வழங்கப்படும் அன்பளிப்பு இது.

வீட்டுவரியில் இதன் விளைவைத் தமிழகம் கண்கூடாகக் கண்டது. சென்னை நீங்கலான நகரங்களில் 2008இல் நடந்த பொதுச் சீராய்வுக்குப் பின் பல ஆண்டுகள் வரி அப்படியே நின்றது. 2018இல் உயர்த்தினார்கள், எதிர்ப்பு வந்தது, 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்து, புதிய உறுப்பினர்கள் நாற்காலியில் அமர்ந்து சில வாரங்களுக்குள், ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் சீராய்வு அறிவிக்கப்பட்டது. 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு. 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கும் மேற்பட்டால் 100. இடி விழுந்ததுபோல் மக்கள் அலறினார்கள். ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். இடைப்பட்ட 14 ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவாக உயர்த்தியிருந்தால் அந்த 25 விழுக்காடு எவரும் அறியாமல் வந்து சேர்ந்திருக்கும். ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்த்தியிருந்தால் பெரிய வீட்டின் வரியும் இரட்டித்திருக்கும். சிறுகச் சிறுகக் கேட்க அஞ்சியவர்கள், பின்வந்தவர்கள் மொத்தமாகக் கேட்கும்படி விட்டுச் சென்றார்கள்.

சிறிய வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு மிகுதி என்ற அந்த ஏணிமுறை நல்லது என்பதே என் கருத்து. ஆனால், சதுர அடி செல்வத்தின் அளவுகோல் ஆகுமா? நம் கடற்கரை ஊர்களை எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற இடங்களில் வீடு மகளுக்கு என்று கொடுப்பது மரபு. பாட்டனார் கப்பல் வணிகத்தில் ஈட்டிக் கட்டிய 2,000 சதுர அடி வீட்டில் இன்று ஒரு கைம்பெண் தனியே இருக்கிறாள். வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் சிறுதொகையே வருவாய். அவள் முழு உயர்வையும் கட்ட வேண்டும். மறுபுறம், 500 சதுர அடியில் பத்து வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டவர் ஒவ்வொன்றுக்கும் 25 விழுக்காடு கட்டிவிட்டு, அதனையும் வாடகையில் ஏற்றிவிடுகிறார். சட்டம் சுவரை அளக்கும். சுவருக்குள் இருக்கும் அடுப்பை அளக்க அதற்குத் தெரியாது.

இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். இவ்வூர்களில் வரிச்சீட்டில் பெண்ணின் பெயரே மிகுதி. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, 2022 தேர்தலில் உறுப்பினர் இடங்களில் பாதியும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. குடத்தைச் சுமப்பவளும் வரியைக் கட்டுபவளும் மன்றத்தில் பேசும் காலம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். பல ஊர்களில் அவர்களுக்காகக் கணவன்மார்களே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறோம். அவர்களில் எத்தனை பேர் குழாயடியில் நின்றவர்கள்?

இனி, எதிர்ப்பவர்களின் பக்கத்திலுள்ள நியாயத்தையும் எடைபோட வேண்டும். 2022இல் மன்றங்கள் கை உயர்த்தின என்றாலும், விகிதங்கள் மன்றத்தில் பிறந்தவை அல்ல. சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்தால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை விதித்திருந்தது. மாநில அரசு விகிதத்தை வகுத்தது. மன்றம் அதனை வழிமொழிந்தது. ஏற்கெனவே முடிவான ஒன்றுக்கு 'ஆம்' என்பதில் அறம் எங்கே இருக்கிறது?

மக்களைக் கேளாமல் விதித்த வரியை மக்கள் எதிர்த்த வரலாறு நமக்கு உண்டு. 1810இல் கும்பெனியார் வீட்டுவரி விதித்தபோது காசி நகரத்தார் கடைகளை அடைத்து, தொழிலை நிறுத்தி, வெட்டவெளியில் திரண்டு அமர்ந்தார்கள். இறுதியில் அவ்வரி கைவிடப்பட்டது. 1816இல் பரேலியில் காவல்வரியை எதிர்த்து மக்கள் எழுந்தபோது முன்னின்றவர் ஒரு முதிய முஃப்தி. அங்கே உயிர்கள் பல பலியாயின. அதற்கும் முன்னால், டமாஸ்கஸில் சுல்தான் பைபர்ஸ் போருக்காக மக்கள்மீது வரிவிதிக்க மார்க்கத் தீர்ப்புக் கேட்டபோது, இமாம் நவவி (ரஹ்) கையொப்பமிட மறுத்ததாக வரலாறு சொல்கிறது. முதலில் உமது அடிமைகளின் பொன் கச்சைகளும் அரண்மனைப் பெண்களின் நகைகளும் விற்கப்படட்டும். அவை தீர்ந்தபின் கேளும் என்பது அவர்களின் விடை. நம் கடற்கரை மக்கள் பின்பற்றும் ஷாஃபிஈ வழியின் பேரறிஞர் அவர். வரியே கூடாது என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்கும் வரிசையையே அவர் சொன்னார்.

அந்த வரிசைதான் மன்றத்தின் கையில் இன்றும் எஞ்சியிருக்கும் சுதந்திரம். விகிதம் மேலிருந்து வரலாம். எந்தத் தெரு எந்த மண்டலத்தில் என்று வகுப்பது மன்றம். முன்வைப்புத் தொகையைத் தவணையில் வாங்கலாம் என்று முடிவெடுக்க அது முயலலாம். உறிஞ்சும் மோட்டாரைப் பறிமுதல் செய்யச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் முன்னதாக, வரிபாக்கிப் பட்டியலை வரவழைத்து அவையில் படிக்கச் செய்யலாம். ஆட்சேபணைக்கு 30 நாள் கொடுத்தார்களே, அந்த நாட்களில் வந்த மனுக்கள் எத்தனை மன்றங்களில் பிரித்துப் படிக்கப்பட்டன? அப்பட்டியலில் கடைசிப் பெயர்களாகத் தையல்காரரும் மீன் விற்பவரும் இருப்பார்கள். பெருந்தொகைப் பாக்கிக்கு நேரே திருமண மண்டபங்களும் வணிக வளாகங்களும் இருக்கும். சில வேளை, மன்ற உறுப்பினரின் உறவினர் பெயரும் இருக்கும். பொன் கச்சை என்பது இக்காலத்தில் அதுதான்.

வக்ஃபுச் சொத்துகளையும் இக்கணக்கிலிருந்து விலக்கிப் பேசுவதற்கில்லை. பள்ளிவாசல், கோயில், மாதாகோயில் என எல்லா வழிபாட்டுத் தலங்களுக்கும் சொத்துவரி விலக்கு உண்டு; அவற்றுக்கு வாடகை ஈட்டித் தரும் கடைகளுக்கு அந்த விலக்கு இல்லை. கடைவரியைப் பாக்கி வைத்துவிட்டுப் பள்ளிவாசல் ஹவுளை ஊராரின் குடிநீரால் நிரப்புவது முறையா என்று ஜமாஅத் நிர்வாகிகள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்காதே என்று கற்றவர்கள் நாம். ஹவுளுக்கென்று தனிக் கிணறு வெட்டி, மதிற்சுவருக்கு வெளியே தெருவைப் பார்த்து ஒரு குழாயும் வைத்திருக்கும் பள்ளிவாசல்கள் உண்டு. கோடையில் அக்குழாயின் முன் வரிசையாக நிற்கும் குடங்களை எவரும் இது இன்ன சாதியார் குடம், இன்ன சமயத்தார் குடம் என்று பிரித்து வைப்பதில்லை.