கருவியிலும் அமானிதம் பேணுவோம் – ஜும்ஆ உரை

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனது ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்கள் வழி நடக்கும் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பிற்குரிய சகோதரர்களே! தனிமையிலும் வெளிப்படையிலும் அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

உளியையும் சுத்தியலையும் பற்றி மிம்பரில் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். திருக்குர்ஆனின் 57-வது சூராவுக்குப் பெயரே ‘அல்ஹதீத்’, அதாவது இரும்பு. அதில் கடும் வலிமையும் மக்களுக்குப் பல பயன்களும் இருப்பதாக 25-வது வசனத்தில் அல்லாஹ் கூறுகிறான். அந்தப் பயன் மக்களைச் சென்று சேர்கிறதா என்பதுதான் இன்றைய கேள்வி.

நம் மஹல்லாவில் தச்சர்கள், கொத்தனார்கள், மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாப்பா வாங்கிய உளி தேய்ந்து பாதியான பிறகும் கூர் நிற்கிறது. புதிதாக வாங்கிய உளி சில நாட்களில் முனை மடங்கிவிடுகிறது என்பார்கள். திருப்புளியின் நுனி உருண்டு போகிறது. சுத்தியல் தலை கழன்று பறக்கிறது.

காரணம் என்ன? உளிக்குப் போதிய கார்பன் உள்ள எஃகு வேண்டும். அதைப் பழுக்கக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதம் ஏற்ற வேண்டும். கார்பன் குறைந்த மெல்லிரும்பை இப்படித் தோய்த்தாலும் உளிக்கு வேண்டிய கடினம் வராது. தோய்த்த பின் பதம் ஏற்றாமல் விட்டால் எஃகு சில்லு சில்லாகத் தெறிக்கும். தொழிலாளியின் கண் போகும். இந்தக் குறைகள் எல்லாம் பளபளக்கும் முலாமுக்கும் பெயிண்டுக்கும் அடியில் மறைந்துகொள்கின்றன.

சகோதரர்களே! நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்தச் செய்தி உள்ளது. முலாமுக்கு அடியில் இருக்கும் மெல்லிரும்பும் அந்த ஈரத் தானியம்தான். குறைந்த தரப் பொருளை அதன் தரத்தைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்பது குற்றமல்ல. மறைப்பதுதான் குற்றம்.

செய்பவருக்கு முன்மாதிரி தாவூத் (அலை) அவர்கள். அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். போர்க் கவசங்களை முழுமையாகச் செய்யுமாறும், வளையங்களைச் சரியான அளவில் கோக்குமாறும் 34:11 வசனத்தில் கட்டளையிட்டான். ஆணி மெலிந்தால் வளையம் ஆடும், தடித்தால் வளையம் உடையும் என்று முஜாஹித் (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் தந்தார்கள். ஓர் ஆணியின் பருமன்வரை வஹீ பேசுகிறது! நீங்கள் செய்வதை நான் பார்க்கிறேன் என்றே அந்த வசனம் முடிகிறது. பட்டறையில் யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பவர் இதை நினைவில் வைக்கட்டும்.

தரத்துக்கு உலகிலும் மதிப்பு உண்டு. அன்றைய அரபுகள் நல்ல வாளுக்கு ‘முஹன்னத்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்திய எஃகில் செய்தது என்று பொருள். கடல் கடந்து அந்தப் பெயரை வாங்கித் தந்தது விளம்பரம் அல்ல, உலைக்களத்தின் நேர்மை.

வாங்குபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. மலிவை மட்டும் கேட்டால் மலிவானதுதான் கடைக்கு வரும். உளி வாங்கும்போது, கடைக்காரர் அனுமதியுடன் அதன் ஓரத்தில் அரத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள். அரம் வழுக்கினால் பதம் ஏறியிருக்கிறது. எளிதாக அராவினால் அது மெல்லிரும்பு. சுத்தியல், கோடாரிப் பிடியில் மர ரேகை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் உடையும். பழைய லாரிப் பட்டையை அடித்து அரிவாள் செய்யும் கொல்லர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது கார்பன் உள்ள எஃகு. நன்றாகப் பதம் ஏறும். அவர்களிடம் பேரம் பேசி உழைப்பின் கூலியைக் குறைத்துவிடாதீர்கள்.

முதலாளிகளே! வேலையாட்களுக்கு மட்டமான கருவியைக் கொடுத்துவிட்டு, வேலை நடக்கவில்லை என்று ஏசுவது அநீதி. அறுக்கப்படும் பிராணி வேதனைப்படக் கூடாது என்பதற்காகக் கத்தியைத் தீட்டச் சொன்ன மார்க்கம் இது. அப்படியானால் மனிதனின் கையில் கொடுக்கும் கருவிக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

உதவி தேடி வந்த ஓர் அன்ஸாரித் தோழரின் பொருட்களை நபி (ஸல்) அவர்கள் இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்தில் குடும்பத்துக்கு உணவும், மற்றதில் கோடாரியும் வாங்கச் சொன்னார்கள். அதற்குத் தம் கையாலேயே பிடி போட்டு, விறகு வெட்ட அனுப்பினார்கள். அபூதாவூதில் வரும் இந்தச் செய்தியின் அறிவிப்பாளர் தொடர் குறித்து அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஆனால் யாசிப்பதை விட விறகு சுமந்து விற்பது மேல் என்ற கருத்து புகாரியிலேயே உள்ளது. ஓர் ஏழைக்கு நல்ல கருவி வாங்கிக் கொடுப்பதும் ஸதகாதான். அவர் உழைத்து உண்ணும் காலமெல்லாம் அதன் நன்மை நமக்கும் வரும் என்று ஆதரவு வைப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும், எங்கள் உழைப்பில் நேர்த்தியையும், எங்கள் வருமானத்தில் பரக்கத்தையும் தருவாயாக! உழைக்கும் கரங்களையும் கண்களையும் பாதுகாப்பாயாக! ஆமீன்.