கரையில் மூட்டிய கரிநெருப்பு



பாஸ்கு காலத்தில் நாம் கேட்கும் சுவிசேஷங்களுள், அர்ச். அருளப்பர் தமது 21-ம் அதிகாரத்தில் எழுதிவைத்த திபேரியாக் கடற்கரைக் காட்சியைப்போல் அடுக்களை வாசனை வீசுவது வேறொன்றில்லை. மரணத்தை வென்று மகிமையோடு உயிர்த்தெழுந்த ஆண்டவர் விடியற்காலையில் என்ன செய்துகொண்டிருந்தார்? அடுப்பு மூட்டியிருந்தார். கரிநெருப்பின்மேல் மீன், கூடவே அப்பம். இராமுழுதும் வலைவீசி வெறுங்கையாய்த் திரும்பிய ஏழு சீஷர்களுக்குக் காலைச் சாப்பாடு.

குருமடத்தில் இந்த அதிகாரத்தைப் படித்தபோது, வலையில் அகப்பட்ட 153 மீன்களுக்கு வேதசாஸ்திரிகள் சொன்ன பொருளையெல்லாம் ஒரு வாரம் எழுதினோம். அந்த நெருப்பைப்பற்றி யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. நான்தான் கண்ணயர்ந்திருப்பேனோ என்னவோ. அதை எனக்கு விளக்கியவர் ஒரு செம்படவர்கூட அல்ல. தூண்டில் போடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஓர் அமெரிக்கக் கிழவர்.

2014 முதல் 2017 வரை, மேற்றிராணியாரின் உத்தரவின்படி, அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் ஒரு பங்கில் ஊழியம் செய்தேன். 1755-ல் ஆங்கிலேயர் கனடா நாட்டுக் கடற்கரையிலிருந்து துரத்திவிட்ட பிரெஞ்சுக் கத்தோலிக்கரின் சந்ததியார் அங்கே மிகுதி. ஜில்லாவைக்கூட அவர்கள் ‘பங்கு’ என்றே அழைக்கிறார்கள். தபசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில் மாமிசம் தொடமாட்டார்கள். ஆகையால் கோவில் மண்டபத்தில் மீன் பொரியும். சுத்தபோசனம் என்ற பெயரில் இவ்வளவு ருசியாகச் சாப்பிடலாமா என்று முதல் வருஷம் எனக்குச் சந்தேகம் வந்தது உண்மை.

அந்தப் பருவத்தில் அவர்கள் ஆசையோடு தேடும் மீனுக்குக் கிராப்பி என்று பெயர். பிரெஞ்சு வழி வந்தவர்களோ அதைச் ‘சக்கலே’ என்பார்கள். கேட்டால் பால்பை என்று பொருள் சொல்வார்கள், சதை பால்போல் வெளுத்திருப்பதால். உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. வெள்ளி உடம்பில் கரும்புள்ளிகள். குளிர்காலம் முழுவதும் ஆழத்தில் கிடக்கும். வசந்தத்தில் தண்ணீரின் சூடு 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும்போது முட்டையிடக் கரையோரம் வரும். ஆண்மீன் அடிமண்ணைத் துடுப்பால் விசிறிச் சுத்தம்பண்ணிக் கூடு அமைக்கும். பெண்மீன் முட்டையிட்டுப் போய்விடும். அதன்பின் காவல் முழுவதும் தகப்பனுடையது. முட்டை பொரித்துக் குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பிரியும்வரை அது இடம் பெயராது. (பிள்ளை அழுதால் திரும்பிப் படுத்துக்கொள்ளும் நம் பங்குத் தகப்பன்மார் இந்த வரியை இன்னொருமுறை வாசிக்கலாம்.)

ஏரியில் பிடித்த இந்த மீனை விற்க அந்த மாநிலத்துச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. பணம் எவ்வளவு வைத்திருந்தாலும் சந்தையில் வாங்க முடியாது. ஒன்று, நீங்களே பிடிக்க வேண்டும். அல்லது பிடித்தவர் மனமிரங்கிக் கொடுக்க வேண்டும். ஆகவே அங்கே யார் யாருக்கு மீன் கொடுத்தனுப்புகிறார், யாருக்கு நிறுத்திவிட்டார் என்பதைக்கொண்டே குடும்பங்களின் சமாதானத்தையும் சண்டையையும் அறிந்துகொள்ளலாம்.

2016-ம் ஆண்டு பாஸ்கு மார்ச் 27-ல் வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை விடியுமுன் அந்தக் கிழவர் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டார். தண்ணீரில் மூழ்கி நின்ற சைப்பிரஸ் மரங்களின் அடியில், தக்கை கட்டிய நீண்ட தூண்டிலில் பொடிமீனை இரையாகக் கோத்துத் தொங்கவிட்டோம். கிராப்பியின் கண் மேல்நோக்கியே பார்க்குமாம். இரை அதற்குச் சற்று மேலே நிற்கவேண்டும். கீழே போட்டால் கண்டுகொள்ளாது. அதன் வாயோ காகிதம்போல் மெல்லியது. தக்கை அமிழ்ந்ததும் நான் ஆத்திரமாய்ச் சுண்டினேன். உதடு கிழிந்து மீன் போய்விட்டது. இப்படி நான்கு. “மெதுவாக, சுவாமி! அதை அதட்டினால் வராது” என்றார் அவர்.

வெயில் ஏறியதும் கரைக்கு வந்தோம். செங்கல் கூட்டிக் கரிநெருப்பு மூட்டினார். ஒரு கரண்டியால் செதில் போக்கி, குடல் நீக்கி, கழுவி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி, மக்காச்சோள மாவில் புரட்டி, கனத்த இரும்புச்சட்டியில் காய்ந்த எண்ணெயில் விட்டார். மஞ்சளும் புளியும் காணாத மீன் என்ன மீன் என்று உள்ளூர நினைத்த நான், முதல் துண்டிலேயே அந்த எண்ணத்துக்காக மனஸ்தாபப்பட்டேன்.

அந்நேரம் மேட்டுப் பாதையில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவன் அவருடைய மகன். ஆறு வருஷத்துக்குமுன் கடை வைக்கக் கடன் வாங்கி, தகப்பனை ஜாமீன் நிற்கச் செய்து, கடை நொடித்ததும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனவன். கடனுக்காகக் கிழவரின் நிலம் போயிற்று. தாயின் அடக்கத்துக்கும் அவன் வரவில்லை. ஊரறிந்த விஷயம், எனக்கும் தெரியும். அவன் காருக்குப் பக்கத்திலேயே நின்றான்; கிட்ட வரவில்லை.

நான் குருவானவனல்லவா? நாலாம் கற்பனையிலிருந்து தொடங்கி அவனிடம் கேட்கவேண்டிய கேள்விகளை மனதில் அடுக்கிக்கொண்டு எழுந்தேன். கிழவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “மீன் ஆறுகிறது” என்றார். அவர் சொன்னது எனக்கா, அவனுக்கா தெரியாது. தட்டில் இரண்டு மீன் எடுத்துவைத்து அவன் பக்கமாக நீட்டினார். அவன் வந்து, தலை நிமிராமல் தின்றான். பிறகு அவர் செதில் போக்கிய கரண்டியை அவனிடம் கொடுத்து, வாளியில் மிச்சமிருப்பதைச் சுத்தம் பண்ணச் சொன்னார்.

இப்போது திபேரியாக் கரைக்கு வாருங்கள். கரிநெருப்பு என்பதற்கு அருளப்பர் எழுதிய கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று இந்தக் கரை. மற்றொன்று பிரதான குருவின் முற்றம்; அங்கே குளிர்காய்ந்துகொண்டு நின்றபோதுதான் இராயப்பர் ஆண்டவரை மும்முறை மறுதலித்தார். கடலில் குதித்து, சொட்டச் சொட்ட நனைந்து வந்தவரின் மூக்கில் அதே கரிப்புகை ஏறியபோது அவர் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! இதோ கேட்கப் போகிறார் என்று நடுங்கியிருப்பார். ஆண்டவர் கேட்கவில்லை. நெருப்பின்மேல் ஏற்கெனவே மீன் இருந்தும், அவர்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். இராயப்பரே போய் வலையை இழுத்தார். தம் திருக்கரத்தால் பரிமாறினார். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டார்.

கேட்கவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். மும்முறை கேட்டார், மூன்றாம் முறை இராயப்பருக்கு மனம் நொந்தது. குற்றத்தை மூடி மெழுகுவது மன்னிப்பல்ல. ஆனால் பசித்த வயிற்றோடும் நனைந்த உடையோடும் அவரை நிற்கவைத்துக் கேட்கவில்லை.

தாய் தகப்பன்மாரே, கோடை விடுமுறைக்கு வருகிற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நகைச்சீட்டை மீட்காதவன், பரீட்சையில் தவறியவன், உங்கள் சம்மதமில்லாமல் மாலை மாற்றிக்கொண்டவள். பையைக் கீழே வைக்குமுன் திண்ணையிலேயே விசாரணை நடக்கும் வீடுகள் நம் பங்கில் எத்தனை! விசாரித்ததெல்லாம் நியாயமாகவே இருக்கலாம். பிள்ளை அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போயிருக்கும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து, பல வருஷங்களுக்குப்பின் வந்த ஒருவரிடம் முதல் வார்த்தையாக ‘இத்தனை நாள் எங்கே போனாய்?’ என்று கேட்டவன் நான். அவர் திரும்ப வரவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது. வீட்டைவிட்டுத் தூரத்தில் நிற்கும் மக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: இராயப்பர் படகு கரை சேரும்வரை காத்திருக்கவில்லை.

அந்தக் கிழவரும் பிறகு கேட்கத்தான் செய்தார். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தபின், தாயின் அடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்று ஒரே கேள்வி. அந்தப் பெரிய மனிதன் சிறுபிள்ளைபோல் அழுதான். நான் எழுந்து படகைக் கட்டப் போய்விட்டேன். நான் ஊர் திரும்பும்வரை ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அவன் ஒரு தொகையைக் கொண்டுவந்து மேசையில் வைப்பான். கிழவர் அதை எண்ணாமல் விட்டதில்லை. கண்ணாடி போட்டு, நோட்டுநோட்டாக எண்ணி, புஸ்தகத்தில் பதிவார். ஆனால் மீன் பொரித்து, இருவரும் சாப்பிட்டு, கை கழுவிய பிறகு.