பிடித்தம் போக எவ்வளவு?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை கேட்டு வருகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது, "பிடிச்சது போக கையில எவ்வளவு வருங்க?" என்பதைத்தான். பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "இஎஸ்ஐ எல்லாம் வேண்டாங்க, முழுசாக் குடுத்துருங்க" என்பார்கள். இதை அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு மனம் ஒப்பவில்லை. வாடகையும் மளிகைப் பாக்கியும் போனபின் மிஞ்சுவதை வைத்து வாரத்தை ஓட்டுகிறவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், மாதம் 12,000 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 90 ரூபாய். முதலாளி கட்ட வேண்டியது 3.25 விழுக்காடு, 390 ரூபாய். அதற்கு வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவம் கிடைக்கும். முன்பே இருக்கும் சர்க்கரை நோய்க்குத் தனியார் பாலிசி மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம். இங்கே அது இல்லை. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு வரும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி. இந்த விலைக்கு இப்படி ஒன்று சந்தையில் கிடையாது.

பிறகு ஏன் மறுக்கிறார்கள்? 90 ரூபாய் பெரிது என்பதால் அல்ல. அதே வீட்டில் மாதாமாதம் சீட்டுக்கு ஆயிரம் கட்டுகிறார்கள். சீட்டு எடுத்துப் பணத்தோடு போனவரை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். காப்பீட்டுக்கோ பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவர்தான் சாட்சி. மருந்தகத்தில் வரிசையில் நின்று ஒரு ஷிப்ட் கூலியை இழந்து, மாத்திரை இல்லை என்ற பதிலோடு அவர் திரும்பினால் அந்த லைன் முழுவதும் அன்றைக்கே முடிவெடுத்துவிடும். அதன்பிறகு எந்த விழிப்புணர்வுக் கூட்டமும் எடுபடாது.

இதைவிட ஆழமாகக் காயப்படுத்துவது இன்னொன்று. ஆறுமாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால்தான் நோய்க்காலக் கூலி கிடைக்கும். ஆர்டர் இல்லாமல் கம்பெனி மாறுகிறவருக்கு அது எளிதல்ல. உழைத்த நாட்களைக் குறைத்து எழுதும் காண்ட்ராக்டரிடம் மாட்டினால் உழைத்தும் பயனில்லை. பத்துப் பேர் இருந்தாலே சட்டம் பொருந்தும் என்பதால் ஏட்டில் ஒன்பது பேரை மட்டும் காட்டுகிற யூனிட்டும் உண்டு. முதலாளியின் பங்கையும் தொழிலாளியின் கூலியில் கழிப்பதைச் சட்டம் தடை செய்கிறது. கழிக்கிற இடத்தில் 90 ரூபாய் 480 ஆகிறது. இதை நான் திருட்டு என்றே சொல்வேன். இப்படி ஏமாந்த ஒருவர், அடுத்து நேர்மையான கம்பெனி கிடைத்தாலும் "வேண்டாங்க" என்றுதான் சொல்வார்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை போதும் என்று நம்பி விலகுகிறவர்களும் உண்டு. அதற்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். மாதம் 12,000 வாங்கும் ஒருவரின் சம்பளமே அதைத் தாண்டிவிடும். அட்டை இருந்தாலும் அது பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான். படுத்த நாட்களின் கூலியை அது தராது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கோ, ஊரில் இருக்கும் குடும்பமும் அங்கேயே இஎஸ்ஐ மருத்துவம் பெறலாம் என்பதை அவர்கள் மொழியில் உட்கார்ந்து சொல்ல ஆளில்லை.

முதலாளி தன் பங்கை ஒழுங்காகக் கட்டினால் மட்டும் போதாது. புதிதாகச் சேர்ந்தவர் முதல்முறை மருந்தகத்துக்குப் போகும் நாளில் கூலியைப் பிடிக்காமல், வழி தெரிந்த ஒருவரையும் கூட அனுப்ப வேண்டும். தொழிலாளிக்கும் கடமை உண்டு. அந்த நோய்க்காலக் கூலி அவர் பிள்ளைகளின் சோறு. காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, செப்டம்பரும் மார்ச்சும் முடியும் முன் 78 நாள் சேர்ந்திருக்கிறதா என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். குறைந்திருந்தால் கணக்கரிடம் கேட்க வேண்டும். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், அதே லைனில் தைக்கும் நாலு பேரோடு போகலாம். சங்கத்தையும் கூட அழைத்துக்கொள்ளலாம்.