எந்த வாசலை முதலில் மூடுவது?

நாட்டின் பொருளாதாரம் நெருக்கடியில் வீழ்கின்றபோது முதலில் வெட்டப்படுவது எது என்பதை வைத்தே அந்நாட்டின் அறவுணர்வை மதிப்பிடலாம். அரிசியும் மருந்தும் எரிபொருளும் அருகும்போது மக்கள் வீதிக்கு வருவர், பத்திரிகைகள் எழுதும், ஆட்சியும் அசையக்கூடும். ஒரு நூலகம் தான் பெற்றுவந்த ஆய்வுத் தரவுத்தளங்களில் இரண்டை நிறுத்திவிட்டால் யாரும் வீதிக்கு வரமாட்டார். கணினித் திரையிலே ஒரு கதவு சாத்திக்கொள்ளும், அவ்வளவுதான். ஓசையின்றி நடைபெறுவதாலேயே இச்செயலின் நியாய அநியாயத்தை நாம் சற்று ஊன்றி ஆராயவேண்டியிருக்கிறது.

திருகோணமலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றியும், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததைப் பற்றியும், சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளை யார் ஆள்வது என்ற வல்லரசுப் போட்டியைப் பற்றியுமே எழுதுகின்றனர். அத்துறைமுக நகருக்கு வடக்கே, நிலாவெளிக்குச் செல்லும் வழியில், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்துள்ளது. 2001ஆம் ஆண்டு வளாகமாக உயர்ந்த இங்கே வணிகமும் தொடர்பாடலும், பிரயோக விஞ்ஞானமும், சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. கடற்றொழிலாளர், விவசாயிகள், கூலித் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகளும் தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர்களும் ஒரே கூரையின்கீழ்ப் பயிலும் இடம் இது. பிரதான வளாகமோ மட்டக்களப்பின் வந்தாறுமூலையில் இருக்கிறது. நூலகச் சந்தாக்களைப் பற்றிய கேள்வியை இவ்வாறான ஓரிடத்தை மனத்தில் நிறுத்தி ஆராய்வதே பொருந்தும். ஏனெனில், மையத்தில் எடுக்கப்படும் சிக்கன முடிவின் பாரம் விளிம்பிலேதான் முழுமையாக உணரப்படுகிறது.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். உலகின் பெரிய ஆய்வுச் சஞ்சிகைகளுக்கான கட்டணம் பெரும்பாலும் டொலரிலே கேட்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் அது ஏறத்தாழ 360 ரூபா. இடையில், ஏப்ரல் 12ஆம் திகதி, இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. 10,000 டொலர்ச் சந்தா ஒன்றை எடுத்துக்கொண்டால், 20 இலட்சம் ரூபாவாக இருந்த செலவு இரண்டே மாதத்தில் 36 இலட்சமாயிற்று. சஞ்சிகையில் ஒரு பக்கமும் கூடவில்லை. வாசகர் ஒருவரும் கூடவில்லை. நாணயத்தின் பெறுமதி பின்னர் ஓரளவு தேறியதெனினும் பழைய நிலைக்கு மீளவில்லை. நூலகர் செய்த தவறு எதுவுமின்றியே நூலகத்தின் அலுமாரி பாதியாகிவிடுகிறது.

அலுமாரி என்ற சொல்லும் இங்கே முற்றிலும் பொருந்துவதன்று. அச்சிட்ட சஞ்சிகைக்குச் சந்தாவை நிறுத்தினால் இனிவரும் இதழ்கள்தாம் வாரா. வந்த இதழ்கள் கட்டடஞ் செய்யப்பட்டு அங்கேயே இருக்கும். தரவுத்தளம் பெரும்பாலும் வாடகை வீடு போன்றது. ஒப்பந்தத்திலே பழைய இதழ்களுக்கான நிரந்தர உரிமை தனியாக எழுதப்பட்டிராவிடின், பணம் நின்ற நாளிலே பத்தாண்டுக்காலம் பணங்கொடுத்துப் படித்தவையும் மறைந்துவிடும். ஆகவே, இங்கே வெட்டுதல் என்பது எதிர்காலத்தை மட்டும் வெட்டுதலன்று. சென்ற காலத்தையும் சேர்த்தே வெட்டுதலாகும்.

இனி, எதை நிறுத்துவது என்று முடிவுசெய்ய மூன்று வழிகள் வழக்கிலுள்ளன.

முதலாவது, எண்ணிக்கை. எந்தத் தரவுத்தளத்திலிருந்து எத்தனை கட்டுரைகள் எடுக்கப்பட்டன என்று கணக்கிட்டு, கட்டணத்தை அதனால் வகுத்து, ஒரு வாசிப்புக்கு எவ்வளவு செலவு என்று காண்பது. இதில் நேர்மையுண்டு, பேராசிரியரின் செல்வாக்கும் துறைத்தலைவரின் குரலும் எண்ணை மாற்றமாட்டா. இரண்டாவது, சமவெட்டு. எல்லாப் பீடங்களுக்கும் நூற்றுக்குப் பத்து வீதம் குறைத்துவிடுவது. இதில் சமத்துவத்தின் தோற்றமுண்டு. மூன்றாவது, எங்கும் எழுத்தில் இல்லாவிடினும் எங்கும் நடைபெறுவது: உரத்துப் பேசுவோருக்குரியதை விட்டுவிட்டு, பேசாதோருக்குரியதை நிறுத்துவது. இதற்கு ஆதரவாக வாதிக்க ஒருவரும் முன்வரார் என்பதே அதன்மீதான தீர்ப்பாகும்.

முதலிரு வழிகளையும் ஓர் உதாரணத்தில் வைத்துச் சோதிப்போம். எந்த நூலகத்தின் கணக்கேட்டிலிருந்தும் எடுக்காமல், விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொள்ளும் உதாரணம் இது. ஒரு நூலகத்தில் வணிக முகாமைத்துவச் சஞ்சிகைகளின் பெருந்தொகுப்பு ஒன்றுண்டு. ஆண்டுக் கட்டணம் 12,000 டொலர், எடுக்கப்பட்ட கட்டுரைகள் 6,000. மூலிகை மருந்தியல் பற்றிய சிறு தரவுத்தளம் ஒன்றுண்டு. கட்டணம் 3,000 டொலர், எடுக்கப்பட்டவை 150. வாசிப்பு மண்டபத்தில் மும்மொழிச் செய்தித்தாள்களும் தமிழ்ச் சஞ்சிகைகளும் உண்டு. அவற்றுக்குரிய பணம் ரூபாவிலே செலுத்தப்படுகிறது, எத்தனைபேர் படித்தனர் என்ற கணக்கே இல்லை. எண்ணிக்கையின் தீர்ப்புத் தெளிவானது. முதலாவதில் ஒரு வாசிப்புக்கு 2 டொலர். இரண்டாவதில் 20 டொலர். மூன்றாவதில் கணக்கே இல்லை. ஆகவே இரண்டாவதும் மூன்றாவதும் போகும்; முதலாவது நிற்கும்.

இத்தீர்ப்பு எதை மறைத்துவிட்டது? சித்த மருத்துவம் பயிலும் மாணவி ஒருத்தி ஒரு மூலிகையின் குணத்தை ஆராய்கிறாள் என்று கொள்வோம். அவளுக்கு ஏட்டுவழி வந்த தமிழ் மருத்துவ நூலும் வேண்டும். அம்மூலிகையின் வேதிப்பொருளை ஆராய்ந்த அண்மைக் கட்டுரையும் வேண்டும். அவள் துறையில் பயில்வோர் சிலரே. ஆகையால் அவர்கள் எவ்வளவு படித்தாலும் எண் சிறியதாகவே இருக்கும். எண்ணிக்கை தேவையை அளப்பதாகத் தோன்றினும் உண்மையில் கூட்டத்தையே அளக்கிறது. அன்றியும், உள்ளே வந்தவரைத்தான் அது எண்ணுகிறது. ஆங்கிலத்தில் தேடும் பயிற்சியில்லாதவரும், வீட்டிலிருந்து இணையத்தை எட்ட வசதியற்றவரும், இப்படியொரு வசதி இருப்பதையே அறியாதவரும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறார். நூலகங்களுக்கு வழங்கப்படும் பயன்பாட்டு அறிக்கைகளிலே, உரிமை இல்லாமையால் திருப்பியனுப்பப்பட்டோரின் தொகையைக் கூறும் பகுதியும் உண்டு. உள்ளே வந்தோரின் பட்டியலை விரித்து ஆராயும் குழுக்கள், வாசலிலே திருப்பப்பட்டோரின் பட்டியலையும் அதே கவனத்தோடு படித்தல் வேண்டும்.

சமவெட்டின் நியாயமும் இவ்வாறே குறையுடையது. பத்துத் தரவுத்தளம் உள்ள பீடம் ஒன்றை இழந்தால் ஒன்பது மிஞ்சும். ஒன்றே உள்ள பீடம் அதனை இழந்தால் எதுவும் மிஞ்சாது. பெருந்தொகுப்புகள் பல ஆண்டு ஒப்பந்தத்தால் காக்கப்பட்டவை. அவற்றில் நூற்றுக்குப் பத்தைக் கிள்ளியெடுக்க வெளியீட்டாளர் இசையார். ஆகவே, வெட்டு முழுவதும் ஒப்பந்தக் காவலற்ற சிறியவற்றின்மேலே இறங்கும். தமிழ்ச் சஞ்சிகையும், உள்ளூர்ப் பத்திரிகையும், ஆண்டுக்கு வாங்கப்படும் நாலு நூலும் முதலில் பலியாவது இதனாற்றான்.

அங்ஙனமாயின் எதனை அளவுகோலாகக் கொள்வது? வேறு வாசல் உண்டா என்ற கேள்வியே முதன்மையானது என்பது எமது கருத்து. ஒரு தரவுத்தளத்தை நிறுத்தினால் அதனைப் பயன்படுத்துவோர் அதே அறிவை வேறு வழியில் அடையமுடியுமா என்று முதலில் கேட்கவேண்டும். முடியுமாயின், அவர் இழப்பது வசதி. முடியாதாயின், அவர் இழப்பது கல்வி. வசதியிழப்பு ஆயிரத்தையும் கல்வியிழப்பு பத்தையும் ஒரே தராசில் வைத்து, ஆயிரம் பெரிதென்று கூறுவது கணக்காக இருக்கலாம், நீதியாகாது.

நமது உதாரணத்துக்கு மீள்வோம். அந்த 6,000 கட்டுரைகளும் தொகுப்பிலுள்ள எல்லாச் சஞ்சிகைகளிலிருந்தும் எடுக்கப்பட்டவையா, அல்லது ஒரு சிலவற்றிலிருந்து மட்டுமா? மொன்றியல் பல்கலைக்கழகம் இக்கேள்வியைத் தன் ஆசிரியரிடமும் மாணவரிடமும் நேரடியாகவே கேட்டது. ஏறத்தாழ 50,000 சஞ்சிகைகளில் இன்றியமையாதவை என அவர்கள் குறிப்பிட்டவை 6,000க்கும் குறைவானவை. அதன்பின், 2016ஆம் ஆண்டு, அப்பல்கலைக்கழகம் பெருந்தொகுப்பு ஒன்றைக் கைவிட்டுத் தேவையான சஞ்சிகைகளை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொண்டது. வணிகத்துறைக் கட்டுரைகள் பலவற்றின் பிரதிகளை ஆசிரியர்களே சட்டப்படி இலவசமாக வெளியிட்டிருப்பதும் உண்டு. ஆகவே, பெருந்தொகுப்பைக் கலைத்து, அதில் மிகுதியாகப் படிக்கப்படுவனவற்றை மட்டும் வாங்கி, மூலிகை மருந்தியலையும் வாசிப்பு மண்டபத்தையும் காப்பாற்றுவதே எமது அளவுகோலின் தீர்ப்பாகும்.

சிலர் மறுக்கலாம்: மாணவர் எப்படியும் இணையத்தின் களவு வழிகளிலே கட்டுரைகளைப் பெற்றுக்கொள்கின்றனரே, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? இது நடைமுறையறிவு போலத் தோன்றும். ஆயின், களவு வழி இருக்கிறது என்பதைத் திட்டத்தின் ஒரு பகுதியாகக் கொள்ளும் பொது நிறுவனம், ஏழை மாணவனைப் பின்கதவால் வருமாறு பணிக்கிறது. பணக்கார நாட்டு மாணவன் முன்வாசலால் நுழைவான். நம் பிள்ளை வேலியால் ஏறிக் குதிக்கவேண்டும். ஏறிக் குதிப்பவனைக் குறைகூறுவதற்கு எமக்கு மனமில்லை. அவ்வாறு குதிக்க விட்டவர்களையே கேட்கவேண்டியுள்ளது.

இன்னொரு மறுப்பு வலிமையானது. எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லையா? உண்டு. வேறு வாசலற்றோர் இரு தரப்பிலும் இருப்பின், பெருந்தொகையினரின் தேவையை முன்வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எமது அளவுகோல் இழப்பை ஒழித்துவிடாது. இழப்பின் வரிசையை மட்டுமே நேராக்கும். எதை விட்டாலும் ஒருவருக்குத் தீங்கு நேரும் என்ற நிலையில், சரியான முடிவை எடுத்தவரும் கடமை முடிந்ததென்று எழுந்துபோக இயலாது. நிறுத்தப்பட்டது எது, ஏன், யார் இழந்தனர் என்பன எழுத்தில் நிற்கவேண்டும். பணம் வரும்போது முதலில் திறக்கவேண்டிய கதவு எது என்பதும் அதே தாளில் இருக்கவேண்டும். இழந்தவருக்கு மாற்றுவழியைக் காட்டிக்கொடுப்பது நூலகத்தின் அடுத்த நாள் வேலை. வந்தாறுமூலையில் கூடினாலும் கொழும்பில் கூடினாலும், கோணேசபுரியின் மாணவர் ஒருவரும் நூலக ஊழியர் ஒருவரும் பேசும் உரிமையோடு அம்மேசையில் அமர்தல் வேண்டும்.

1931ஆம் ஆண்டு நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதிய சீர்காழி இரங்கநாதன், ஒவ்வொரு நூலுக்கும் எங்கோ ஒரு வாசகர் உண்டு என்பதை ஒரு விதியாகவே வகுத்தார். அவ்விதியின்படி, ஒரேயொருவர் படித்த சஞ்சிகையும் தன் பயனைக் கண்டதேயாகும்.

எனினும், வெட்டுவதெப்படி என்ற கேள்வியோடு நின்றுவிட்டால், வெட்டும் நிலையை உண்டாக்கியவர் தப்பிவிடுவர். கட்டுரையை எழுதும் ஆய்வாளர் வெளியீட்டாளரிடம் கூலி பெறுவதில்லை. அதனை மதிப்பிடும் அறிஞரும் பெரும்பாலும் பெறுவதில்லை. அவர்தம் சம்பளம் பெருமளவு மக்களின் வரிப்பணம். 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவை ஐந்தே நிறுவனங்களின் கைகளில் இருந்தன என்று 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மக்கள் பணத்தில் விளைந்த அறிவை மக்களின் நூலகங்களுக்கே விலைக்கு விற்கும் ஏகபோகம் இது. செல்வம் மிக்க ஹார்வார்ட் பல்கலைக்கழகமே 2012ஆம் ஆண்டு இவ்விலைகளைத் தாங்கமுடியாதென்று கூறிற்று எனில், நம் நிலையைச் சொல்லவேண்டுமோ?

தருமத்தை நம்பியிருப்பதும் விடையாகாது. ஏழை நாடுகளுக்கு மருத்துவச் சஞ்சிகைகளை இலவசமாகவோ குறைந்த விலையிலோ வழங்கும் ஹினாரித் திட்டம், உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியால் 2002இல் தொடங்கியது. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால், 2011ஆம் ஆண்டு தொடக்கத்தில் பங்களாதேசத்துக்கான வழங்கலைச் சில பெரிய வெளியீட்டாளர் திடீரென விலக்கிக்கொண்டனர்; உலகெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே மீண்டும் அளித்தனர். கொடுத்தவர் நினைத்தபோது எடுக்கக்கூடியது உரிமையாகாது.

கூட்டுப்பலமே மாற்றுவழி. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் 2019இல் மிகப் பெரிய வெளியீட்டு நிறுவனமொன்றுடனான ஒப்பந்தத்தை முறித்து, இரண்டாண்டு பொறுத்திருந்து, 2021இல் தனக்கு ஏற்ற புதிய ஒப்பந்தத்தைப் பெற்றது. இந்திய அரசு 2024 நவம்பரில், மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபா ஒதுக்கி, நாடு முழுவதற்கும் ஒரே சந்தா என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இவ்வளவு பணம் அதே நிறுவனங்களுக்குச் செல்வது சரியா என்பது ஆராயத்தக்கது. ஆயினும், சிறு நகரக் கல்லூரியும் பெருநகர நிறுவனமும் ஒரே வாசலால் நுழையும் என்ற கொள்கை வரவேற்கத்தக்கது. நம்மிடையேயும் எடுத்துக்காட்டு இல்லாமலில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி எவரும் விலையின்றிப் படிக்க வைத்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் செய்யத்தக்க செயல் அது. வெளிநாட்டுத் தொகுப்பொன்றை நிறுத்தி மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கு இத்தகைய திறந்த களஞ்சியங்களை வளர்க்கச் செல்லுமாயின், வெட்டு வெறும் வெட்டாக முடியாது.

அறிவுக்கு விலை வைத்தவர் வேறெங்கோ இருக்கின்றனர். அவ்விலையைக் கொடுக்க இயலாதபோது யாருடைய வாசலை முதலில் மூடுவது என்பதை மட்டும் நாமே தீர்மானிக்கிறோம். அத்தீர்மானத்தைக் கணக்கேட்டின் பின்னே மறைத்துவைப்பது எளிது. அந்தச் சித்த மருத்துவ மாணவியின் முன்னிலையில் அதனை வாசித்துக்காட்ட முடியுமா என்று கேட்டுப்பார்ப்பது கடினம். முடியாத தீர்மானத்தை எழுதாதிருப்பதே நூலகக் குழுவின் அறம்.