அத்தையால் படியேற முடியாது... என்ன செய்வது?

ஸ்ரீரங்கம் போகப்போகிறீர்களா? சந்தோஷம்! பிள்ளைகளின் பரீட்சை முடிந்து, வீட்டுக்காரருக்கு லீவு கிடைத்து... எத்தனை தடைகளைத் தாண்டி ஒரு நாள் வாய்த்திருக்கிறது! சென்னையில் ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் திருச்சி. காலையில் ஸ்ரீரங்கம், பிறகு திருவானைக்காவல், சமயபுரம், உறையூர், சாயங்காலம் மலைக்கோட்டை. பட்டியலும் தயார்.

அப்போதுதான் மனசில் ஒரு சங்கடம். முழங்கால் வலியோடு இருக்கும் மாமியாரால் இத்தனையும் முடியுமா?

உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்க 417 படிகள் ஏற வேண்டும். ஸ்ரீரங்கமோ 156 ஏக்கர் பரப்பு, ஏழு பிராகாரங்கள்! ரங்கா ரங்கா கோபுரத்தில் செருப்பை விட்ட பிறகும் எவ்வளவு நடை இருக்கிறது என்று போனவர்களுக்குத் தெரியும். "நான் கீழேயே உட்கார்ந்திருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்று அவரே சொல்லிவிடுவார். சொல்லிவிட்டாரே என்று விட்டுவிட்டுப் போகலாமா? அது தர்மமா?

அந்த ஊரின் தெய்வக் கதைகளையே கொஞ்சம் கேட்போம்.

மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரியும். ரத்னாவதிக்குப் பிரசவ நேரம். துணைக்குக் கிளம்பிய அம்மா, காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். ஈசனே அவள் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். இன்றும் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று வருடா வருடம் இதை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். நாம் எப்போதும் மகளின் பக்கம் நின்றே இந்தக் கதையைச் சொல்கிறோம். அக்கரையில் தவித்து நின்ற அந்த அம்மாவை நினைத்துப் பார்த்திருக்கிறோமா? வர முடியாமல் போனவளின் உருவத்தையே அல்லவா ஈசன் எடுத்துக்கொண்டார்!

திருப்பாணாழ்வாரும் அப்படித்தான். பாணர் குலத்தில் பிறந்த அவர், ஸ்ரீரங்கத்துக்குள் கால் வைக்காமல் காவிரியின் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடிக்கொண்டிருந்தார். லோகசாரங்க முனிவர் எறிந்த கல் பட்டு அவருக்கு ரத்தம் வழிந்தது. 'அவரை உன் தோளில் சுமந்து வா' என்று பெருமாள் முனிவருக்கே கட்டளையிட்டார். (பாணரை விலக்கி வைத்தது ஜாதிக் கட்டு. அந்தக் கொடுமையை முழங்கால் வலியோடு ஒப்பிட நான் வரவில்லை.) ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தினமும் தடையில்லாமல் உள்ளே போய் வருகிறவரைத்தான் சுமக்கச் சொன்னார் பெருமாள்.

"அப்படியானால் நான்தான் அத்தையோடு உட்கார வேண்டுமா?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நியாயமான கேள்வி! பல குடும்பங்களில் நடப்பது அதுதானே? எல்லோரும் தரிசனத்துக்குப் போக, பை, செருப்பு, தண்ணீர் பாட்டில், மாமியார் எல்லாவற்றுக்கும் மருமகள் காவல். வருடக்கணக்கில் காத்திருந்து வந்தவள் வாசலோடு திரும்புவதை தர்மம் என்று நான் சொல்ல மாட்டேன். லோகசாரங்கர் கரையில் நின்றுவிடவில்லையே! ஆழ்வாரைச் சுமந்தபடி அவரும்தான் சந்நிதிக்குள் போனார்.

ஆகவே குறைய வேண்டியது உங்கள் தரிசனம் அல்ல, அந்தப் பட்டியல்! ஐந்து கோயிலை இரண்டாக்குங்கள். ஐந்து பார்த்தால்தான் புண்ணியம் என்று எந்தத் தெய்வமும் கணக்குக் கேட்கவில்லை. சமயபுரத்தாள் அடுத்த முறையும் அங்கேதான் இருப்பாள். ஸ்ரீரங்கத்தில் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று கோயில் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு வையுங்கள். அங்கிருந்து திருவானைக்காவல் பக்கம்தான். உச்சிக்கால பூஜையில் அர்ச்சகர் அம்பாளைப் போலப் புடவை உடுத்தி வந்து ஜம்புகேஸ்வரரைப் பூஜிக்கும் காட்சியை, அவசரப்படாமல் அத்தையோடு சேர்ந்து பாருங்கள். மலைக்கோட்டை போயே ஆக வேண்டுமா? அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் சந்நிதியில் கணவரும் பிள்ளையும் அவருக்குத் துணையாக இருக்கட்டும். நீங்கள் நிதானமாக மேலே போய் வாருங்கள். நீங்கள் இறங்கிய பிறகு அவர்கள் ஏறட்டும். பிள்ளைக்கும் பாட்டியோடு ஒரு மணி நேரம் பேசக் கிடைக்கும்!

டிக்கெட் எடுக்கும் முன் இன்னொன்று. அத்தை எதைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று அவரிடமே கேட்டீர்களா? மூலவர் தரிசனம்தான் என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். ரங்கநாயகித் தாயார் 'படிதாண்டாப் பத்தினி'. எந்த உற்சவத்துக்கும் அவள் தன் வாசலைத் தாண்டி வருவதில்லை. பங்குனி உத்திரத்தன்று பெருமாள்தான் அவள் இடம் தேடி வந்து சேர்த்தி காண்கிறார். 'தாயாரைச் சேவித்துவிட்டு, அந்த மண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் எனக்குப் போதும்' என்றுகூட அத்தை சொல்லலாம். கேட்டுப் பாருங்களேன்.