இடம் விடுதல்

நமது பேச்சு வழக்கில் 'கொழுப்பு' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உள்ளன. இறைச்சியிலும் உடம்பிலும் இருக்கும் கொழுப்பு ஒன்று. திமிர் என்பது மற்றது. "அவனுக்குக் கொழுப்புக் கூடிப்போச்சு" என்று நாம் சொல்லும் மனிதர் விறகுக் கட்டை போல மெலிந்தவராகவும் இருக்கலாம். உடம்பின் ஒரு நிலைக்கும் குணத்தின் ஒரு குறைக்கும் மொழி ஒரே பெயரைச் சூட்டி வைத்திருக்கிறது. இதன் பாரத்தைச் சுமப்பவர் மிகவும் பருத்த உடம்போடு நடமாடும் பெண். அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே ஊர் அவரைப் பற்றி மூன்று தீர்ப்புகளை எழுதிவிடுகிறது: அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறார், உடம்பு வளைந்து வேலை செய்வதில்லை, நப்ஸை அடக்கத் தெரியாதவர். கண் தெரியாதவரைக் கண்டால் இரங்குகிற அதே ஊர் பருத்த பெண்ணைக் கண்டால் விசாரணை நடத்துகிறது.

இன்னொருவரின் உடம்பைப் பற்றி அவரிடமே பேசும் உரிமை நமக்கு எங்கிருந்து கிடைத்தது? 'அவருடைய நன்மைக்காகத்தான் சொல்கிறேன்' என்ற எண்ணம் அந்த உரிமையைத் தந்துவிடுமா? புறம் பேசுவதைப் பற்றி ஜும்ஆப் பிரசங்கங்களில் நிறையவே கேட்டிருக்கிறோம். முகத்துக்கு நேரே, சிரித்துக்கொண்டே, அக்கறையின் பெயரால் பேசப்படுவதைப் பற்றி நாம் அவ்வளவாக யோசித்ததில்லை.

என் மூத்த ராத்தாவை முன்வைத்தே இதை எழுதுகிறேன். அவரிடம் கேட்டேன். "ஊர் முப்பது வருஷமா வாயால சொல்றத நீ கையால எழுதினா என்ன தம்பி? ஆனா சரியா எழுது" என்றார். கிழக்கின் கரையோரக் கிராமமொன்றில் பிறந்து அங்கேயே வாழ்பவர். வயது 52. நிறை 130 கிலோவுக்கு மேல்.

பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர், "ரெண்டு டிக்கட் போடவா?" என்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். இரண்டு டிக்கட்டுக்கும் காசு கொடுக்க ராத்தா ஆயத்தமாகவே இருக்கிறார். கொடுத்தாலும் சிரிப்பு நிற்பதில்லை. ஓட்டோக்காரர் குனிந்து டயரைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். கலியாண வீட்டில் பிளாஸ்டிக் கதிரையில் அமர்வதற்கு முன் அதன் நாலு கால்களையும் ராத்தா ஒரு தடவை பார்த்துக்கொள்வார். சஹனில் உட்காருவது இன்னும் கஷ்டம். நிலத்தில் அமர்ந்து எழும்புவதற்கு முழங்கால் இடம் தருவதில்லை. ஒருவாறு அமர்ந்துவிட்டாலும், எல்லோருக்கும் பொதுவான அந்தச் சஹனுக்குள் அவருடைய கை எத்தனை தடவை போய் வருகிறது என்று மற்றவர்களின் கண்கள் எண்ணிக்கொண்டிருக்கும். ஆகவே அரைவயிற்றோடு எழும்பி வருகிறார். உடனே, "இஞ்ச கொஞ்சமாத் திங்கிறா, வூட்ட போய் ஒளிச்சுத் திங்கிறா போல" என்று ஒரு குரல் கேட்கும். கூடச் சாப்பிட்டால் பேராசை, குறையச் சாப்பிட்டால் நடிப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் பசிக்குச் சாப்பிடுவதற்கு இடமே இல்லை.

ராத்தாவின் கலியாணம் 1996இல் நடந்தது. நமது பகுதியில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கு வந்து குடியேறுவார். வீடு கட்டி முடிந்த பிறகும் நான்கு இடத்துப் பேச்சுகள் முறிந்தன. ஐந்தாவது இடத்தில் வீட்டுக்கு மேலே ஒரு ஏக்கர் வயலும் கைக்கூலியும் கேட்டார்கள். கூடுதலாகக் கேட்டதற்குக் காரணம் என்னவென்று யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாப்பா அந்தப் பேச்சை விட்டுவிட்டார். பிறகு வந்தவர்தான் எங்கள் மச்சான். மேசன் வேலை செய்பவர். மேலதிகமாக எதையும் கேட்கவில்லை.

மச்சானைப் பற்றி ஊரில் நல்ல அபிப்பிராயம் உண்டு. 'ஸபூரான மனிசன்' என்பார்கள். கேட்பதற்குப் பாராட்டுப் போலத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாராட்டு யாருடைய செலவில் வழங்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மனிதர் தன் மனைவியோடு சந்தோஷமாக வாழ்வதை 'பொறுமை' என்று சொல்வதன் பொருள், அந்த மனைவி பொறுத்துக்கொள்ளப்பட வேண்டிய ஒரு சோதனை என்பதே. ஒருமுறை பள்ளிவாசல் திண்ணையில் இப்படிச் சொன்னவரிடம் மச்சான், "பொறுமை எண்டா கஷ்டத்துக்குத்தானே காக்கா. எனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ண வேண்டாம். முஸ்லிம் நாடான மொரித்தானியாவில் 'லெப்லூஹ்' என்றொரு வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அங்கே பருத்த பெண்ணே அழகி, செல்வச் செழிப்பின் அடையாளம். ஆகவே சிறு பெண்பிள்ளைகளுக்குப் பாலையும் கூழையும் வற்புறுத்திப் புகட்டிக் கொழுக்க வைத்துக் கலியாணத்துக்கு ஆயத்தப்படுத்துவார்கள். ராத்தா அங்கே பிறந்திருந்தால் நான்கு இடத்துப் பேச்சுகள் முறிந்திருக்கமாட்டா. அங்கே உள்ள ஒரு மெலிந்த பெண் இங்கே ராத்தா படும் பாட்டைப் பட்டிருப்பார். இரண்டு ஊர்களும் எதிரெதிரான அளவுகோல்களை வைத்திருந்தாலும் ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றன. பெண்ணின் உடம்பு பார்ப்பவர்களுக்கு உரிய பொருள், அதன் அளவை அவர்களே தீர்மானிப்பார்கள் என்பதே அது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது ராத்தாவை வெள்ளம் இழுத்துக்கொண்டுபோய் ஒரு மாமரத்தில் சேர்த்தது. அவர் தப்பினார். மச்சானின் உம்மா தப்பவில்லை. மூன்றாம் நாள், முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூடத்தில் பெண்கள் பேசிக்கொண்டிருக்கையில் ஒருவர் சொன்னார்: "அலையாலயே இவவத் தூக்க ஏலாமப் போயிற்று." எல்லோரும் சிரித்தார்கள். மாமியின் மையத்தை அடக்கிவிட்டு வந்திருந்த ராத்தாவும் சிரித்தார். அதைச் சொன்னவர் கொடியவர் அல்லர். தன் வீட்டையும் வாழ்நாள் உழைப்பையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தவர். ஏன் சிரித்தீர்கள் என்று பின்னொரு நாள் ராத்தாவிடம் கேட்டேன். "சிரிக்காட்டி, உடம்புதான் இப்பிடி எண்டா குணமும் இப்பிடியா எண்டு கேப்பாங்க" என்றார். பகிடிக்கு ஆளானவரும் சேர்ந்து சிரித்தார் என்பதை நாம் அவருடைய சம்மதமாக எடுத்துக்கொள்கிறோம். பல வேளைகளில் அது கூட்டத்துக்குள் நிற்பதற்கு அவர் கட்டும் வரி.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். 'பருமன் நோய்களைக் கொண்டுவருகிறது. அறிந்தவர் சொல்லாமலிருப்பது பாவமில்லையா? நஸீஹத் மார்க்கத்தின் கடமை அல்லவா?' இதை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. பருமனால் கேடில்லை என்று நான் சொல்லவரவில்லை. முழங்கால் வலியும் சீனி வருத்தமும் என்னவென்று ராத்தாவுக்கு நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் அந்த உபதேசம் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். அவர் போய்வந்த கிளினிக்கில் நிறை பார்ப்பவர் அந்த எண்ணைக் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும்படி கூப்பிட்டுச் சொல்வார். பிறகு வரிசையில் இருக்கும் பெண்கள் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். ராத்தா கிளினிக்குப் போவதை நிறுத்தினார். எட்டு மாதங்கள். காலில் வந்த சிறு புண்ணை யாரிடமும் காட்டவில்லை. கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. நன்மைக்காகச் சொல்லப்பட்ட சொல்தான் அவரை வைத்தியரிடமிருந்து தூரப்படுத்தியது.

நஸீஹத் என்றால் அதற்கு உறவு வேண்டும், தனிமை வேண்டும், அறிவு வேண்டும். பஸ்ஸில் இருப்பவரிடம் இந்த மூன்றும் இல்லை. அறிவைப் பற்றி மட்டும் சற்றுப் பார்ப்போம். பாடசாலையில் நாங்கள் பிள்ளைகளுக்குக் கணிக்கும் உடற்திணிவுச் சுட்டியின் சூத்திரத்தை 1830களில் உருவாக்கியவர் கெற்றலே என்ற பெல்ஜிய நாட்டவர். வானியலும் புள்ளிவிபரமும் கற்றவர், வைத்தியர் அல்லர். 'சராசரி மனிதன்' யார் என்று தேடியவர். 1986இல் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்தபோது அவர்களுடைய பருமன் பெற்ற தாய் தகப்பனை ஒத்திருந்தது, வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. 1994இல் லெப்டின் என்ற ஹோர்மோன் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்புக் கலங்களே மூளைக்குச் செய்தி அனுப்பிப் பசியைக் கட்டுப்படுத்துவதில் பங்கெடுக்கின்றன என்பது அதனால் தெரியவந்தது. இப்போது பசியைத் தணித்து நிறையைக் குறைக்கும் ஊசிமருந்துகளும் வந்துவிட்டன. அமெரிக்காவில் செமகுளுடைட் 2021இல் இதற்காக அங்கீகாரம் பெற்றது.

இந்த ஊசி ஒழுக்கவியலுக்கும் ஒரு கேள்வியை வைக்கிறது. வாரத்துக்கு ஒரு ஊசியால் ஒருவரின் பசி அடங்குமானால், நேற்றுவரை அவருடைய நப்ஸின் பலவீனம் என்று நாம் சொன்னது எவ்வளவு தூரம் நப்ஸ், எவ்வளவு தூரம் இரத்தத்தில் ஓடும் ஹோர்மோன்? மனிதருக்கு முயற்சியும் பொறுப்பும் இல்லை என்று இதற்குப் பொருளாகாது. ஒருவர் எவ்வளவு முயன்றார் என்பதை அவருடைய இடுப்பளவைப் பார்த்து அறிய முடியாது என்பதே பொருள். மெலிந்தவர்களில் பலர் எந்த நப்ஸையும் வெல்லவில்லை. அவர்களுக்குப் பசி குறைவு, அவ்வளவுதான்.

வயிற்றை மூன்றாகப் பங்கிட்டு ஒரு பங்கை உணவுக்கு விடச் சொல்லும் நபிமொழியை ராத்தாவிடம் ஓதிக்காட்டியவர்கள் பலர். அது சாப்பிடுகிறவர் தன் வயிற்றை அளப்பதற்குச் சொல்லப்பட்டது, அடுத்தவரின் சஹனை எண்ணுவதற்கல்ல. மறுமையில் பருத்த ஒரு மனிதன் கொசுவின் இறக்கையளவு நிறையும் பெறமாட்டான் என்ற நபிமொழியையும் சிலர் எடுத்துக்காட்டுவர். அது நற்செயல் இல்லாத பெருமையைப் பற்றியது. இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மெலிந்த கால்களைப் பார்த்துச் சிலர் சிரித்தபோது, அவை மீஸானில் உஹத் மலையைவிடக் கனமானவை என்றார்கள் நபியவர்கள். மீஸான் சதையை நிறுப்பதில்லை என்பதை இரண்டும் சேர்ந்தே சொல்கின்றன. ஆயிஷா (ரழி) அவர்கள் ஸபிய்யா (ரழி) அவர்களின் குட்டையான தோற்றத்தைக் குறித்துச் சொன்ன ஒரு சொல்லை, கடல் நீரில் கலந்தால் கடலையே மாற்றிவிடக்கூடியது என்று நபியவர்கள் கண்டித்தார்கள். உடம்பைப் பற்றிய ஒற்றைச் சொல்லுக்குத்தான் இந்தக் கண்டனம்.

ஆனால் பேசாமலிருப்பது மட்டும் போதுமா? இந்த இடத்தில் ஸவ்தா பின்த் ஸம்ஆ (ரழி) அவர்களை நினைவுகூர வேண்டும். நபியவர்களின் மனைவியான அவர் பருத்த, கனத்த உடம்புடையவர், மெதுவாக நடப்பவர். புகாரியில் அவரைப் பற்றிய இரண்டு சம்பவங்கள் பதிவாகியுள்ளன. ஹஜ்ஜின்போது முஸ்தலிபாவில், சனம் நெருக்குவதற்கு முன்பே தான் புறப்பட்டுவிடலாமா என்று அவர் அனுமதி கேட்டார். நபியவர்கள் அனுமதித்தார்கள். நானும் அப்படிக் கேட்டிருக்கலாமே என்று ஆயிஷா (ரழி) பின்னர் சொல்வார்கள். மற்றது, ஓர் இரவில் அவர் தன் தேவைக்காக வெளியே போனபோது உமர் (ரழி) அவர்கள் அவரது உருவத்தை வைத்தே அடையாளம் கண்டு, உங்களை மறைத்துக்கொள்ள முடியாது என்ற கருத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள். உமரின் நோக்கம் கேலி அல்ல, ஹிஜாப் பற்றிய அக்கறையே. ஸவ்தா வீட்டுக்குத் திரும்பி வந்து முறையிட்டார். நபியவர்கள் உணவருந்திக்கொண்டிருந்தார்கள். வஹீ வந்தது. பெண்கள் தமது தேவைகளுக்காக வெளியே செல்ல அனுமதி உண்டு என்பதே அதன்பின் சொல்லப்பட்ட முடிவு.

இந்தச் சம்பவங்களில் அவருடைய உடம்பு மறைக்கப்படவும் இல்லை, திருத்தப்படவும் இல்லை. சனநெரிசல்தான் ஒதுக்கிவைக்கப்பட்டது. அவர் வெளியே போகும் வழிதான் திறந்துவிடப்பட்டது. பருத்த பெண்ணுக்கு நாம் பட்டிருக்கும் கடன் இரக்கமோ புத்திமதியோ அல்ல, இடம் என்று நான் விளங்கிக்கொள்வது இதிலிருந்துதான். சபைகளில் இடம் விடும்படி கேட்கப்பட்டால் விடுங்கள், அல்லாஹ் உங்களுக்கு விசாலமாக்குவான் என்ற கருத்தை ஸூரத்துல் முஜாதலா சொல்வதும் இதையே எனக்கு உணர்த்துகிறது.

சுனாமிக்குப் பின் கிடைத்த வீட்டின் மலசலகூடக் கதவு ஒடுக்கமானது. மச்சான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் நிலையை உடைத்து அகலமாக்கினார். கொமட் வைத்தார். கிணற்றடியில் சீமெந்தால் ஒரு கட்டு எழுப்பினார், குந்தாமல் அமர்ந்து குளிப்பதற்கு. இரண்டு மூடை சீமெந்தும் ஒரு கிழமை வேலையும் போயிற்று. எங்கள் பாடசாலையில் உயரமும் நிறையும் அளக்கும் நாட்களில் ஒவ்வொரு பிள்ளையாகத் தனி அறைக்குள் எடுத்து, எண்ணை வாயால் சொல்லாமல் கொப்பியில் மட்டும் எழுதுகிறோம். கலைவிழா நாடகத்தில் யானைக்கு யார் என்று கேட்டால் வகுப்பே ஒரே பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பதால், வேஷங்களைச் சீட்டுப் போட்டுப் பிரிக்கிறோம். கலியாண வீட்டில் பலமான ஒரு மர வாங்கு போடலாம். சஹனோடு ஒரு பக்கத்தில் மேசையும் வைக்கலாம். கிளினிக்கில் நிறை பார்க்கும் இடத்துக்கு ஒரு சீலை மறைப்புப் போதும்.

இவை பெரிய காரியங்கள் அல்ல. வெளியே போவதற்கான அனுமதி அவர்களுக்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. வழியை விடுவது மட்டுமே நம்மிடம் மீதியாக இருக்கிறது.